நன்றி யாருக்கு?

(வாசகர் வட்டம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'அன்றாட வியப்பும் கிறிஸ்தவ விசுவாசமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு நண்பர் என்னை நிறுத்தி, "ஐயா, அன்றாடத்தில் வியக்க என்ன இருக்கிறது, காய்கறி விலையைத் தவிர?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். காலையில் எழுந்து, தண்ணீர் பிடித்து, பஸ்ஸைப் பிடித்து, மேலதிகாரியிடம் பேச்சு வாங்கி, இரவு வந்து படுக்கிறவனிடம் போய் "வியந்து பார்" என்றால் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன்.

இந்த அவையில் கிறிஸ்தவர்கள் இருக்கிறீர்கள், வேறு சமயத்தவர் இருக்கிறீர்கள், கடவுளே இல்லை என்பவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வியப்பைக் காட்டிக் கடவுளை நிரூபிக்க நான் வரவில்லை. "இந்தப் பூவைப் பார், இதைப் படைத்தவர் ஒருவர் இருக்க வேண்டாமா?" என்று போதகர் கேட்டாராம், நாத்திகர் வாயடைத்துப்போனாராம் என்று முடிகிற பிரசங்கங்களை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த நாத்திகர்கள் யாரும் அவ்வளவு சுலபமாக வாயடைத்துப்போகிறவர்கள் அல்ல. நான் சொல்ல வருவது இதுதான்: வியந்த மனம் சிலரிடத்தில் நன்றி சொல்லத் தவித்திருக்கிறது. 'யாருக்குச் சொல்வது?' என்று தேடியிருக்கிறது. அந்தத் தேட்டம் அவர்களைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

தமிழில் வியப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தொல்காப்பியரைத் தாண்டிப் போக முடியாது. மெய்ப்பாட்டியலில் அவர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். புதுமை என்பது இதுவரை காணாதது. பெருமை என்பது அளவில் பெரியது. இவை இரண்டும் எல்லோருக்கும் தெரியும். சுற்றுலாத் தொழிலே இந்த இரண்டை நம்பித்தான் நடக்கிறது. மற்ற இரண்டைக் கவனியுங்கள். சிறுமை என்பது மிக நுண்ணியது. ஆக்கம் என்பது ஒன்று இன்னொன்றாக மாறுவது. இந்த இரண்டையும் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன, நாம்தான் கவனிப்பதில்லை. இன்று மாலை இந்த இரண்டின் பக்கமே அதிகம் நிற்கப்போகிறேன்.

முதலில் சிறுமை. விட்டேக்கர் சேம்பர்ஸ் என்று ஓர் அமெரிக்கர், 1901இல் பிறந்தவர். இருபதுகளின் நடுவில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். முப்பதுகளில் சோவியத் யூனியனுக்காக ரகசிய வேலை பார்த்தார். 1938இல் அதிலிருந்து பிரிந்தார். 1948இல் ஆல்ஜர் ஹிஸ் என்ற முன்னாள் அரசு அதிகாரிக்கு எதிராகச் சாட்சி சொன்னதால் அமெரிக்காவையே இரண்டாகப் பிளந்தார். அவருடைய அரசியலைப் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை. அதற்குள் நாம் போக வேண்டாம். 1952இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு காலை நேரத்தை அவர் நினைவுகூர்கிறார். அவருடைய சின்ன மகள் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி சாப்பிடுகிறாள். சாப்பிடுகிறாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதியை முகத்தில் பூசிக்கொள்கிறாள், பாதியைத் தரையில் போடுகிறாள். அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்வை மகளின் காதில் போய் நிற்கிறது. அந்த மடிப்புகள், அந்த வளைவுகள். இது அணுக்கள் தற்செயலாகக் கூடியதால் வந்ததாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றுகிறது. கட்சி கற்பித்ததற்கு நேர் எதிரான எண்ணம் அது. அதைத் தள்ளிவிடப் பார்க்கிறார், அது போவதாக இல்லை. பின்னாளில் விசுவாசத்துக்குத் தாம் வந்த வழியில் அந்தக் காதையும் ஒரு மைல்கல்லாகச் சேர்க்கிறார்.

அவர் பார்த்தது வெளிக்காதைத்தான். உள்ளே போனால் என்ன ஆகும்? செவிப்பறைக்கு அப்பால் மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடிதான் மனித உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு, சுமார் மூன்று மில்லிமீட்டர். அரிசிமணியை விடச் சிறியது. குழந்தை பிறக்கும்போதே இந்த எலும்புகள் பெரியவர்களுக்கு உள்ள அளவில் இருக்கின்றன. கையும் காலும் மெதுவாக வளர்கின்றன, இவை தயாராகவே வந்துவிடுகின்றன. அவற்றுக்கு அப்பால் நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்று சுற்றிய ஒரு குழல். அதற்குள்ளே மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. கேட்கிற வேலையை முக்கியமாகச் செய்கிற உள்வரிசையில் இருப்பவை சுமார் 3,500தான். அவற்றை வைத்துக்கொண்டுதான் நாம் அம்மாவின் குரலையும், அடுத்த தெரு நாதஸ்வரத்தையும், இருட்டில் கொசுவையும் பிரித்து அறிகிறோம்.

இங்கே உயிரியல் ஆசிரியர் ஒருவர் எழுந்து, "ஐயா, இதெல்லாம் பரிணாமத்தில் வந்தது" என்று சொல்வார். சரியாகத்தான் சொல்வார். அந்த மூன்று எலும்புகளில் சுத்தியும் பட்டடையும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு நம் மூதாதை விலங்குகளின் தாடை மூட்டில் இருந்தவை. கடிப்பதற்கு உதவிய எலும்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, இடம் பெயர்ந்து, கேட்பதற்கு உதவும் எலும்புகளாயின. புதைபடிவங்களில் இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கருவிலிருக்கும் குழந்தையிடமும் அதன் தடம் தெரிகிறது. அப்படியானால் சேம்பர்ஸின் வாதம் விழுந்துவிட்டதா? வாதம் என்று எடுத்துக்கொண்டால் அது பலவீனமானதுதான். ஆனால் என் வியப்பு இரண்டு மடங்காகிறது. கடிக்கிற எலும்பு கேட்கிற எலும்பாகியிருக்கிறது என்றால், தொல்காப்பியர் சொன்ன சிறுமையும் ஆக்கமும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன! எப்படி வந்தது என்று தெரிந்ததும் ஓடிவிடுகிற வியப்பை நம்பிக் கடவுளைத் தேடக் கூடாது. அறிவியல் இன்னும் போகாத மூலைகளில் கடவுளை ஒளித்துவைத்தால், அறிவியல் ஒவ்வொரு மூலையாக விளக்கேற்றிக்கொண்டு வரும்போது நாம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அறிவு வளர வளர வியப்பும் வளரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர், சுவார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரியிடம் வளர்ந்தவர். தரங்கம்பாடி மிஷன் அறிஞர்களிடம் வானவியலும் புவியியலும் கற்றார். சுமார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறவஞ்சியில் குறத்தி மலைவளம், நாட்டுவளம் பாடுவது மரபு. சாஸ்திரியார் அந்த மரபுக்குள் ஐரோப்பாவின் புதிய வானவியலையே கொண்டுவந்துவிட்டார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று தெரிந்ததும் அவருக்கு விசுவாசம் ஆடிப்போகவில்லை. பாட்டு வந்தது.

இனி ஆக்கம். இதற்கு நம் அடுக்களை போதும். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, மூடிவைத்துவிட்டுப் படுக்கிறோம். காலையில் எழுந்து பார்த்தால் மாவு பொங்கிப் பாத்திரத்தின் விளிம்புக்கு வந்திருக்கிறது. சில நாள் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடை மேலேயே வழிந்திருக்கிறது. நாம் தூங்கிக்கொண்டிருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவை விட்டு, உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்து, அவ்வளவு பெரிய வேலை நடந்து முடிந்திருக்கிறது. நாமோ, "இன்றைக்கு மாவு நன்றாகப் பொங்கியிருக்கிறது" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டு இட்லித் தட்டை எடுக்கிறோம்.

இயேசு பேசிய உவமைகளில் எத்தனை இந்த வகை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் மூன்று படி மாவில் புளித்த மாவைச் சேர்த்து வைக்கிறாள், எல்லாம் புளித்துப்போகிறது. மாற்கு நான்காம் அதிகாரத்தில் ஒரு விவசாயி விதைக்கிறான், இரவில் தூங்குகிறான், பகலில் எழுகிறான், பயிர் வளர்கிறது, எப்படி என்று அவனுக்கே தெரியாது. உப்பு, விளக்கு, வலை, தொலைந்துபோன வெள்ளிக்காசு, கடுகு விதை. யூதர்களுடைய பெரிய தேவாலயம் எருசலேமில் இருந்தது. அதன் கற்களையும் கட்டடங்களையும் சீடர்கள் காட்டியபோது அவர் அவ்வளவாக மதிக்கவில்லை. பெண்கள் அடுக்களையில் செய்வதையும் மீனவர் கரையில் செய்வதையும்தான் தேவனுடைய ராஜ்யத்துக்கு உவமை காட்டினார். அன்றாடத்தில் வியப்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. கலிலேயாவில் அவர் தொடங்கிவைத்தது அது.

வியப்பு மட்டும் போதுமா? வியந்துவிட்டுக் கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். வியப்பு நன்றியாக மாறுகிற இடத்தில்தான் கதை திரும்புகிறது. இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர் ஆங்கில எழுத்தாளர் ஜி.கே. செஸ்டர்டன். 1909இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில், ரயிலில் படிக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறார். சட்டைப் பைகளில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். பழைய டிராம் சீட்டு, பேனாக்கத்தி, தீப்பெட்டி, சுண்ணக்கட்டி என்று வருகின்றன. ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு காவியம். தீப்பெட்டி என்றால் நெருப்பின் வரலாறே கையில் இருக்கிறது. எல்லாம் கிடைத்தது, ரயில் டிக்கெட் மட்டும் கிடைக்கவில்லை.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருட்டு உண்டு. 1890களில் ஓவியப் பள்ளியில் படித்த காலத்தில் செஸ்டர்டன் மனம் மிகவும் இடிந்துபோயிருந்தார். எதுவுமே உண்மையில் இருக்கிறதா என்று சந்தேகிக்கும் அளவுக்குப் போயிருந்தார். அப்போது தம்மிடம் எஞ்சியிருந்த சமயம் என்பது நன்றி என்கிற ஒரே ஒரு மெல்லிய நூல்தான் என்று கடைசிக் காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் சொல்கிறார். உலகில் இருக்கிறோம் என்பதே ஒரு கொடை என்று தோன்றியது. கொடை என்றால் கொடுத்தவர் வேண்டுமே என்று அந்த நூலைப் பிடித்துக்கொண்டே நடந்தார். 1908இல் வைதீகக் கிறிஸ்தவத்துக்கு ஆதரவாகப் புத்தகம் எழுதினார், 1922இல் கத்தோலிக்கரானார். தத்துவப் புத்தகங்கள் இடையில் நிறைய வந்தன. தொடக்கம் என்னவோ நன்றிதான்.

இப்போது இன்றைய பேச்சின் மையத்துக்கு வருகிறேன். டாரதி டே. 1897இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். இடதுசாரிப் பத்திரிகைகளில் எழுதியவர், போராட்டங்களில் சிறை சென்றவர். ஒரு காதலில் கருவுற்று, காதலனை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் கருவைக் கலைத்தவர். அதற்குப் பிறகு தமக்குக் குழந்தையே பிறக்காது என்று நம்பியிருந்தார். தம்முடைய நாவலின் திரைப்பட உரிமையை விற்றுக் கிடைத்த பணத்தில் ஸ்டேட்டன் தீவில் கடற்கரை ஓரம் ஒரு சின்ன வீடு வாங்கினார். அங்கே ஃபார்ஸ்டர் பேட்டர்ஹாம் என்பவருடன் வாழ்ந்தார்.

ஃபார்ஸ்டரை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் உயிரியல் படித்தவர், அரசு வேண்டாம் என்கிற கொள்கைக்காரர், மதத்தை வெறுத்தவர். ஆனால் இயற்கை என்றால் உயிர். குளிர் நாளிலும் டாரதியைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போவார். கரையில் ஒதுங்கும் ஓடுகளையும் உயிரினங்களையும் காட்டுவார், இரவில் வானத்தில் நட்சத்திரங்களைக் காட்டுவார். டாரதிக்குக் கண் திறந்துவிட்டவரே அவர்தான். கடவுளை நம்பாத ஒருவர்தான் அவரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்!

அந்த நாட்களில் டாரதி கடிதங்கள் எடுத்துவர ஊருக்குள் நடந்து போகும்போது தம்மை அறியாமல் ஜெபிக்கத் தொடங்கினார். உடனே அவருக்குள் இருந்த பழைய தோழர் விழித்துக்கொண்டு, மதம் மக்களுக்கு அபின் அல்லவா என்று கேட்டார். துன்பப்படுகிறவன் வலியை மறக்கத் தின்பதுதானே அபின்? டாரதி தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட பதிலை அவருடைய தன்வரலாற்றில் காணலாம். தாம் ஜெபிப்பது துக்கத்தில் அல்ல, சந்தோஷத்தில். ஆறுதல் வாங்குவதற்காக அல்ல, நன்றி சொல்வதற்காக. என்னைக் கேட்டால், மார்க்ஸின் அந்த வாக்கியத்துக்கு எழுந்த பதில்களில் இவ்வளவு எளிமையானது வேறில்லை. அது மேடையில் பிறந்ததல்ல. தபாலுக்காக நடந்த வழியில் பிறந்தது.

1926 மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. டாமர் தெரசா என்று பெயர் வைத்தார். பிறக்காது என்று நினைத்த குழந்தை கையில் இருக்கிறது. பிரசவத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1928இல் 'நியூ மாஸஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகையிலேயே வந்தது. குழந்தையைப் பார்த்தபோது பொங்கிவந்த அன்பையும் சந்தோஷத்தையும் எந்த மனிதரிடம் கொட்டினாலும் அவர் தாங்க மாட்டார் என்று அவருக்குத் தோன்றியது. வணங்க வேண்டும் போல இருந்தது. ஃபார்ஸ்டரிடம் எவ்வளவு அன்பு இருந்தாலும் வணக்கத்தை வாங்கிக்கொள்ள அவரால் முடியாது. நன்றி, முகவரி எழுதாத கடிதமாக டாரதியின் கையில் இருந்தது.

அந்த முகவரியை எழுத அவர் கொடுத்த விலை பெரியது. 1927 ஜூலையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த ஆகஸ்டில் சாக்கோ, வான்செட்டி என்ற இரண்டு தொழிலாளர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது ஃபார்ஸ்டர் சாப்பாடு தூக்கம் இல்லாமல் கிடந்தார். இருவருக்கும் இடையில் பிளவு முற்றியது. 1927 டிசம்பர் 28இல் டாரதி தாமும் ஞானஸ்நானம் பெற்றார், ஃபார்ஸ்டரைப் பிரிந்தார். அன்றைக்கு வானம் திறந்தது, ஆனந்தக் கண்ணீர் வந்தது என்று எழுதியிருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். அவரோ அன்று தமக்கு அமைதியும் இல்லை, சந்தோஷமும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். இந்த ஒரு வரிக்காகவே அவரை நான் நம்புகிறேன்.

ஒரே கடற்கரை, ஒரே நட்சத்திரங்கள், ஒரே குழந்தை, பார்த்தவர்கள் இருவர். ஒருவர் வியந்தார், நம்பவில்லை. மற்றவர் வியந்தார், நம்பினார். ஆகவே வியப்பு யாரையும் கழுத்தைப் பிடித்துக் கோவிலுக்குள் தள்ளுவதில்லை. கிறிஸ்தவ நண்பர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: நம்பாதவர்களுக்கு வியக்கத் தெரியாது என்று தயவுசெய்து பேசாதீர்கள். ஃபார்ஸ்டருக்கு நாமெல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

சரி, நன்றிக்கு ஆள் வேண்டும் என்றால் பொதுவாகக் கடவுள் போதாதா, கிறிஸ்து எதற்கு? நல்ல கேள்வி. சங்கீதம் எட்டில் ஒருவர் இரவு வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். இவ்வளவு பெரிய வானத்துக்குக் கீழே மனிதன் எம்மாத்திரம், அவனை நினைப்பதற்கு உமக்கு என்ன வந்தது என்று கேட்கிறார். பெருமையைப் பார்க்கிறவனுக்கு வரும் பயம் அது. அவ்வளவு பெரியவருக்கு என் நன்றி எட்டுமா? கிறிஸ்தவம் தரும் விடை, அவர் இறங்கி வந்தார் என்பது. எங்கே? நாசரேத்தில் ஒரு தச்சுப் பட்டறைக்கு. சுமார் முப்பது வயது வரை அவர் செய்ததாகச் சுவிசேஷங்கள் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. மரம் இழைத்திருப்பார், உளி பிடித்திருப்பார், கூலி பேசியிருப்பார். அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி நம்முடையதைப் போல அன்றாடமாகவே கழிந்தது.

உயிர்த்தெழுந்த பிறகும் பாருங்கள். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். எம்மாவு என்ற ஊருக்குப் போன சீடர் இருவர் வழியெல்லாம் கூடவே நடந்தும் அவரை அறியவில்லை, சாப்பாட்டில் அப்பத்தைப் பிட்டபோதுதான் அறிந்தார்கள். யோவான் 21இல் சீடர்கள் ராத்திரி முழுக்க வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வந்தால், அங்கே கரிநெருப்புப் போட்டு, மீன் சுட்டு, அப்பம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மரணத்தை வென்றவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று காலைச் சாப்பாடு தயார் பண்ணியது! வேறு யாராவது இந்தக் கதையை எழுதியிருந்தால் இடியும் மின்னலும் வைத்திருப்பார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. வேளாங்கண்ணியில் ஜெபிக்க வந்தவர்கள் கரையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் சுனாமி அலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கரையில் குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் போய் 'கடலைப் பார், எவ்வளவு அழகு' என்று சொல்ல எனக்கு வாய் வராது. வியப்பின் பேரில் கட்டிய எந்த விசுவாசமும் அந்தக் கரையில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

வேதத்தில் யோபு என்கிற மனிதர் பிள்ளைகளை இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். நண்பர்கள் வந்து காரணம் சொல்கிறார்கள். நீ பாவம் செய்திருப்பாய், அதனால் வந்தது என்கிறார்கள். கடைசியில் தேவன் பேசும்போது யோபுக்குக் காரணம் எதுவும் சொல்வதில்லை. வரையாடு குட்டி போடும் காலத்தையும், ஆளில்லாத பாலையில் பெய்யும் மழையையும், இரை கேட்கும் காக்கைக் குஞ்சுகளையும் காட்டுகிறார். காரணம் சொன்ன நண்பர்களைத்தான் கடிந்துகொள்கிறார். யோபின் புத்தகத்தில் தேவன் தரும் பதில் அதோடு நிற்கிறது. சுவிசேஷம் இன்னும் ஓரடி போகிறது. காட்டுப் பூக்களைப் பாருங்கள் என்று சொன்ன அதே வாய், சிலுவையில் 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கதறுகிறது. அந்தக் கேள்விக்கும் மேலேயிருந்து விளக்கம் எதுவும் வரவில்லை. அந்தத் தாயின் கேள்வியைக் கடவுளே தம் வாயால் கேட்டிருக்கிறார் என்பது மட்டுமே என்னிடம் இருக்கிறது. அது போதுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு, நன்றி சொல்ல மட்டுமல்லாமல் சண்டை போடவும் ஓர் ஆள் கிடைத்திருக்கிறார்.

வியப்பு எங்கே போய் முடிய வேண்டும் என்பதையும் டாரதியிடமே கேட்கலாம். ஞானஸ்நானம் பெற்ற பிறகு அவர் கடற்கரையில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருக்கவில்லை. 1933 மே தினத்தன்று, உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில், பீட்டர் மாரின் என்பவருடன் சேர்ந்து 'கத்தோலிக்கத் தொழிலாளர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். விலை ஒரு சென்ட். முதல் இதழ் 2,500 பிரதி. பிறகு வீடற்றவர்களுக்காக வீடுகள் திறந்தார். காலையில் காபிக்கும் ரொட்டிக்கும் சூப்புக்கும் வரிசை நிற்கும். அதில் குடிகாரர் இருப்பார், மனம் பேதலித்தவர் இருப்பார், கிடைத்ததைத் திருடிக்கொண்டு போகிறவரும் இருப்பார். அந்த முகங்களில் கிறிஸ்துவைப் பார்ப்பது நட்சத்திரத்தைப் பார்ப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். 1980இல் இறக்கும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை.

மனிதர்களிடத்தில் வியப்பைக் காண்பது டாரதியோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து உளவியலாளர் டேக்கர் கெல்ட்னர், 26 நாடுகளில் மக்களிடம் அவர்களை வியக்கவைத்தவை எவை என்று எழுதி வாங்கினார். மலையும் கடலும் முதலில் வரும் என்றுதான் நாம் நினைப்போம். முதலில் வந்தது மற்ற மனிதர்களின் நற்குணம்: தைரியம், இரக்கம் போன்றவை. சுனாமிக்கு மறுநாள் சாதி மதம் பாராமல் அடுப்பு மூட்டிச் சோறாக்கியவர்களைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சேம்பர்ஸ் காதில் பார்த்ததையும் டாரதி தொட்டிலில் பார்த்ததையும் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாருக்கு முகம் சுளிக்காமல் பணிவிடை செய்கிற மருமகளைப் பார்த்தாலே போதும்.

முடிப்பதற்கு முன் நடைமுறையாகச் சில சொல்கிறேன். ஏற்கெனவே விசுவாசிகளாக இருப்பவர்களுக்கு: சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணும்போது வாய் ஓடுகிற வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். தட்டில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். அதை விளைவித்தவர், அரைத்தவர், சமைத்தவர் மூவரையும் நினைத்துவிட்டு ஆமென் சொல்லுங்கள். சமைத்தவரிடம் போய் நேரிலும் நன்றி சொல்லுங்கள். நம் வீடுகளில் தேவனுக்குக் கிடைக்கிற நன்றி மனைவிக்குக் கிடைப்பதில்லை.

நம்பாத நண்பர்களுக்கு: உங்கள் நேர்மையை விட்டுக்கொடுக்காமலே ஒன்றைச் செய்து பார்க்கலாம். மனம் நிறைந்துபோகும் நேரத்தில், யாருக்கு என்று தெரியாவிட்டாலும், நன்றி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிப் பழகிய பிறகு 'யாருக்கு?' என்ற கேள்வி ஒருநாள் வந்தால், அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். மாற்கு எழுதின சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பதினாறு அதிகாரங்கள்தான். ஒரு சினிமா பார்க்கிற நேரத்துக்குள் படித்து முடித்துவிடலாம். நாசரேத்துத் தச்சரான அந்த மனிதர் உங்கள் நன்றியை வாங்கிக்கொள்ளத் தகுதியானவரா இல்லையா என்று நீங்களே தீர்மானியுங்கள். தகுதியில்லை என்று பட்டால் ஏன் என்று என்னிடம் வந்து சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம். தகுதியுண்டு என்று பட்டால் என்னைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. சொல்ல வேண்டியதை அவரிடமே சொல்லிவிடலாம்.